ஊசி வேண்டாம் என்றாயே

அன்புள்ள செந்திலுக்கு,

"அந்த ஊசி போட்டால் டிபி வருமாம், வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நீ படித்தது பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

என் முடக்குவாதத்துக்குப் போடும் இந்த டிஎன்எஃப் தடுப்பு ஊசி (மூட்டு வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற பொருளைத் தடுப்பது), உள்ளே அடங்கிக் கிடக்கும் டிபி கிருமியைக் கிளப்பிவிடலாம். நம் ஊரில் அப்படி வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் ஏராளம். அதற்காகத்தான் முதலிலேயே முன்கையில் மாண்டு டெஸ்ட், அதாவது டிபி கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் தோல் ஊசி, போட்டார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் பெண் தடவிப் பார்த்து, ஸ்கேலை வைத்தாள். சிவப்பு கணக்கில்லையாம், தடிப்பை மட்டும்தான் அளக்க வேண்டுமாம். என்னைப் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு 5 மில்லிமீட்டர் இருந்தாலே பாசிட்டிவ். எனக்குத் தடிப்பே இல்லை. என்னைப் போல ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குத் தடிப்பு வராமலே ஏமாற்றும் என்பதால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, கூடவே ஹெபடைட்டிஸ் பி டெஸ்டும் எடுத்தாயிற்று. பாசிட்டிவாக இருந்திருந்தாலும், ஒரு மாதமாவது டிபி தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டு ஊசியை ஆரம்பித்திருப்பார்கள்.

எனக்குப் பயமெல்லாம் அந்த ஸ்டீராய்டு மேல்தான். அளவு ஏற ஏற, நாள் ஆக ஆக, தொற்று வரும் வாய்ப்பும் கூடும். காய்ச்சலைக்கூட வெளியே காட்டாமல் அமுக்கிவிடும். ஊசி வேலை செய்தால் அதைக் குறைக்கலாம் என்கிறார் டாக்டர். இதை நீ யோசித்தாயா? குறைப்பதும் அவர் சொல்கிறபடி மெதுவாகத்தான். சட்டென்று நிறுத்தினால் அது வேறு ஆபத்து.

காய்ச்சல் வந்தால் டாக்டருக்குப் போன் செய்வேன். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தையும் ஊசியையும் தள்ளிப்போடலாமா என்று அவர் சொல்லட்டும். மருந்துக் கடையில் நானாக ஆன்டிபயாடிக் கேட்கப் போவதில்லை. நீர்க்கடுப்புக்குச் சாதாரணமாகத் தரும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக், மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் ரத்த அணுக்களையே குறைத்துவிடுமாம். என் மருந்துச் சீட்டு ஃபைலைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

வேளச்சேரியில் மழை ஆரம்பித்தாயிற்று. தெருவில் தண்ணீர் நின்றால் நான் இறங்குவதில்லை. எலிக் காய்ச்சலுக்குக் காலில் ஒரு சிராய்ப்பு போதும். பால், காய்கறிக்கு உன் அப்பாதான் போகிறார், முணுமுணுத்துக்கொண்டே.

நிமோனியா தடுப்பூசியும் ஃப்ளூ ஊசியும் போட்டாயிற்று. நீங்கள் டிசம்பரில் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்குச் சளி இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடு, மாஸ்க் போட்டுக்கொண்டு தூக்குகிறேன்.

அன்புடன்,
அம்மா