யார் வரவில்லை என்று பாருங்கள்: நெல்லைச் சீமையின் சேகர மன்றத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

ஸ்தோத்திரம். திசையன்விளைப் பக்கம் ஒரு தேரிக்காட்டுச் சபையில் ஞானஸ்நானம் பெற்று, பாளையங்கோட்டையில் 32 வருஷம் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஒரு ஐயரவர்களின் (போதகரின்) கீழுள்ள சபைகளைச் சேகரமாகச் சேர்த்து நடத்துகிற மன்றத்தாராகிய உங்களுக்கு எழுதுகிறேன். யார் மனதையும் நோகடிக்க இதை எழுதவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்தபின் ஏழு மாதம் நான் கோயிலுக்குப் போகவில்லை. இரண்டு பேராகப் போன இடத்துக்குத் தனியாகப் போகக் கால் வரவில்லை. பெங்களூரில் இருக்கும் மகள், போனிலேயே ஆராதனை பார்க்க வழி செய்து கொடுத்தாள். முதல் வாரம் குளித்து, சேலை மாற்றி, பைபிளும் பாமாலைப் பாட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்தேன். மூன்றாவது மாதம் தோசை மாவைக் கரைத்துக்கொண்டே பாவ அறிக்கை கேட்டேன். பிரசங்கம் நீண்டால் தள்ளிவிட்டேன். பரிசுத்த நற்கருணை ஞாயிறன்று மட்டும் நெஞ்சு அடைத்தது. அப்பமும் திராட்சரசமும் போன் வழியாக வராது. பக்கத்தில் முழங்காலிடவும் ஆள் இல்லை.

அந்த ஏழு மாதத்தில் என்னைத் தேடி வந்தது ஒரே ஒருவர். எனக்குப் பின்வரிசையில் உட்காருகிற ஆச்சி. கம்பை ஊன்றிக்கொண்டு படியேறி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்கள்: "ஏ பிள்ள, ஒன் எடம் சும்மாவே கெடக்கு. அதப் பாத்துப் பாத்து எனக்கு ஜெபமே ஓட மாட்டேங்கு."

அடுத்த ஞாயிறு போனேன். முதல் கீர்த்தனையில் எனக்குக் குரல் எழும்பவில்லை. ஆனால் பாட்டு நிற்கவில்லை. முன்னாலும் பின்னாலும் எல்லாரும் பாடினார்கள், நடுவில் நான் வாய் திறக்காமல் அழுதுகொண்டு நின்றேன். என்னால் பாட முடியாத பாட்டை என் சபை எனக்காகப் பாடியது. போனில் நான் எழுந்து போனாலும் அதற்குத் தெரியாது. கோயிலில் நான் இல்லையென்றால் ஒரு கிழவிக்கு ஜெபம் ஓடவில்லை. "சபை கூடிவருதலை" விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்வதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அதே வசனம் ஒருவருக்கொருவர் புத்திசொல்லும்படியும் சொல்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இயேசுவின் சீஷனான தோமாவை எண்ணிப் பாருங்கள். உயிர்த்த கர்த்தர் வந்த அன்று சீஷர்களோடு அவன் இல்லை. எட்டு நாளைக்குப் பிறகு அவர்களோடு கூட இருந்தான், அப்போதுதான் கண்டான். தனியாக அவன் இருந்த இடத்தில் அல்ல, மற்றவர்கள் கூடியிருந்த வீட்டிலேயே கர்த்தர் அவனைச் சந்தித்தார். நம்பமாட்டேன் என்று சொன்னவனை அந்தப் பத்துப்பேரும் ஒதுக்கவில்லை. அடுத்த தடவை அவனை வரச் சொல்லி யாரோ ஒருவர் கூப்பிட்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன். வேதம் அதைச் சொல்லவில்லை.

நம் சீமையில் விசுவாசம் தனித்தனி வீடாக வளரவில்லை. கிறிஸ்தவர்களானதால் ஊர்களில் நெருக்கப்பட்டவர்களுக்காக உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799-இல் முதலூர் என்ற ஊரை உண்டாக்கினார். ரகசியமாக அவரவர் குடிசையில் ஜெபித்துக்கொண்டு பிழைத்திருக்கலாம். அவர்களோ சேர்ந்து குடியேறி, சேர்ந்து கும்பிட்டார்கள். இடையன்குடியில் கால்டுவெல் ஐயரவர்கள் எழுப்பிய கோயில் 1880-இல் பிரதிஷ்டையானது. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி. அத்தனை உயரத்துக்குக் கட்டினது எல்லாரும் வந்து நிறைவார்கள் என்றுதானே? பனையேறிப் பிழைத்த எங்கள் ஊரில் உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவாள். அது கோயிலுக்கு. ஞாயிறன்று அதைக் கொண்டுபோகாத வீடு தெரிந்துவிடும். வீட்டில் அரிசி இல்லை என்று அப்போதே புரிந்துகொண்டு, சாயங்காலத்துக்குள் யாராவது ஒரு படி அரிசியோடு போய் நிற்பார்கள்.

மன்றத்தாரே, இப்போது உங்களிடம் வருகிறேன். சபைத் தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வருகிறீர்கள். யார் வீடு மாறிப் போனார், யார் இறந்தார் என்பதெல்லாம் அப்போது தெரிகிறது. திருமண்டலப் பெருமன்றத் தேர்தலில் தோற்ற பக்கத்தார் அதற்குப்பின் ஆராதனைக்கே வராமல் போனதை நான் கண்ணாரப் பார்த்தேன். சபைக்குக் கட்டவேண்டிய சங்கக் காணிக்கை பாக்கி இருப்பதால் கூச்சப்பட்டு நின்றுவிட்ட ஒரு குடும்பத்தையும் தெரியும். எந்தச் சேகரம் என்று சொல்லப்போவதில்லை. அந்தப் பட்டியலை மறுபடி எடுங்கள், இந்தத் தடவை ஓட்டுக்காக வேண்டாம். ஆராதனை முடிந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்து, மூன்று வாரமாக யாரைக் காணோம் என்று பாருங்கள். இரண்டு பேர் போகட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ரசீதுப் புத்தகம் கையில் வேண்டாம். குற்றம் சாட்டவும் வேண்டாம், உங்கள் இடம் சும்மா கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

நேரலையை நிறுத்தச் சொல்லவில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்கும் வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அது வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு ஐயரவர்கள் வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோகிறார்கள், அதுவும் குறையக்கூடாது. ஆனால் நடக்க முடிந்தவர்கள் நடந்து வரவேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு மன்றம் ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்யவேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளுக்கு ஒரே வார்த்தை: பெரிய கோயிலைத் தேடி அலையாதீர்கள். நீங்கள் வராவிட்டால் யாராவது ஒருவர் கவனிக்கிற அளவுக்குச் சின்னதாக ஒன்று போதும்.

எங்கள் ஆச்சி இரண்டு ஞாயிறாக வரவில்லை. மூட்டுவலி, படி இறங்க முடியவில்லை. வருகிற ஞாயிறு முதல் மணி அடிக்குமுன் ஆட்டோவோடு அவர்கள் வாசலில் நிற்பேன். உங்களில் ஒருவர் கூட வந்தால், இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிவிடலாம்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை