இரத்தக் கொதிப்பு: மருந்தைக் கூட்டும் முன் கேட்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் மருத்துவ உதவியாளராக, எங்கள் சனங்கள் வாயில் 'டிரசராக', வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். உயர் இரத்த அழுத்தச் சிகிச்சையை இளம் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

அவர்களுக்கு மருந்து தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளான அம்லோடிபின் எத்தனை மில்லிகிராம், பெரிண்டோபிரிலைக் கர்ப்பிணிகளுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்டால் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். எங்கள் காலத்து டிரசர்களுக்கு அதில் பாதிகூடத் தெரியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது.

பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் கரையேற்றிய என் அக்காளுக்கு வயது 68. சென்ற ஆண்டு அரசாங்கக் கிளினிக் ஒன்றில் பெரிண்டோபிரில் கொடுத்தார்கள். சில வாரங்களில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது; இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். நான்கு மாதங்களில் மூன்று மருத்துவர்கள் பார்த்தார்கள், மூன்று பாட்டில் இருமல் மருந்து வந்தது. அந்த வகை மாத்திரை சிலருக்கு இப்படி இருமலைக் கொண்டுவரும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிற சங்கதி. (தம்பி டிரசராக இருந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதது என் தவறு.) வெறுத்துப்போன அக்காள் மாத்திரைகளை முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். அடுத்த முறை அழுத்தத்தின் மேல் அளவு 170ஐத் தாண்டியிருந்ததும், மருந்து போதவில்லை என்று அம்லோடிபினையும் சேர்த்து எழுதினார்கள். அதுவும் முருகனுக்கே போய்ச் சேர்ந்தது.

கடைசியில், பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவிதான், தட்டுத்தடுமாறிய தமிழில், "பாட்டி, மாத்திரை சாப்பிடுறீங்களா? ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார். மருத்துவர் மருந்தை லோசார்டான் என்ற வேறு வகை அழுத்த மாத்திரைக்கு மாற்றினார். இருமல் திரும்பவில்லை.

அந்த 170ஐ எடுத்த விதமும் சரியில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தவரை மூச்சு வாங்கக்கூட விடாமல் உட்கார வைத்து, சட்டைக் கையின் மேலேயே அளவுக் கருவியின் பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தார்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து அமைதியாக உட்கார்ந்த பிறகு, வெறும் கையை நெஞ்சு உயரத்தில் தாங்க வைத்து அளக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு பொய்யாக ஏறும். உயர் அழுத்தம் என்று சொல்வதற்கான 140/90 என்ற வரம்பு, சரியாக அளக்கப்பட்டவருக்குத்தான் பொருந்தும்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு இந்நோய் உண்டு. கூட்டம் நெரிகிற கிளினிக்கில் ஐந்து நிமிடம் பெரிது என்பதை அறிவேன். ஆனாலும் மருத்துவக் கல்லூரிகள், மருந்தின் பெயர்களைக் கேட்கும் அதே தேர்வில், ஒரு மூதாட்டியின் கையில் பட்டையைக் கட்டி அளக்கச் சொல்லியும், அவர் மாத்திரையை உண்மையில் விழுங்குகிறாரா என்பதைக் கேட்டறியச் சொல்லியும் மதிப்பெண் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.