பழங்கால வேலை பார்த்தவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழின் பொருளாதாரக் கட்டுரையில், 'யுபிஐ, ஜிஎஸ்டி பதிவுகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது வீடு வீடாகப் போய்ச் செலவுக் கணக்கு எடுப்பது பழங்கால வேலை' என்று ஒரு வரி. வீடுகளின் செலவு, வேலை போன்றவற்றைக் கேட்டு எழுதும் மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் அந்தப் பழங்கால வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

மளிகைக் கடைக்கு ஒரு வீட்டிலிருந்து 840 ரூபாய் போயிருக்கிறது. அதில் பருப்புக்கு எவ்வளவு, சோப்புக்கு எவ்வளவு, போன மாதப் பாக்கி எவ்வளவு? பதிவு சொல்லாது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் அந்த வீட்டு அம்மா சொல்வார். தமிழ்நாட்டு ரேஷனில் 2011 முதல் இலவசமாகத் தரும் அரிசி எந்த வங்கிக் கணக்கிலும் ஏறாது. கொல்லை முருங்கைக்கீரையும் அப்படித்தான். எங்கள் படிவத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. பக்கத்து வீட்டுப் பையனின் ஜிபேயில் மாத்திரை வாங்கிவிட்டு அவன் கையில் ரொக்கமாகக் கொடுக்கும் பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டுரையாளரின் மாடலில் அது யாருடைய செலவு?

பதிவுகள் பெருகினால் மாதிரிப் பிழை, அதாவது சிலரை மட்டும் கேட்பதால் தற்செயலாக வரும் பிழை, குறையும். ஒரு சாராரே பட்டியலில் நிறைந்திருப்பதால் வரும் ஒருபக்கச் சாய்வு குறையாது. உங்களுக்குத் தெரியாததா? 1936-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று கருத்துக்கணிப்புக்காக அஞ்சலில் வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு அட்டைகளை எண்ணி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் அடுத்த அதிபர் என்றது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனதன் பலன்!

சரி, பழைய கதைக்கு வருகிறேன். வீடுகளின் நுகர்வுச் செலவு பற்றி நாங்கள் எடுத்த 2017-18 கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று 2019-இல் மத்திய அரசு அறிவித்தபோது, தாங்கள் உள்பக்கத்தில் நாலு வரி போட்டீர்கள். அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை, பரவாயில்லை. பிறகு 2022-23 கணக்கெடுப்பு 2,61,746 வீடுகளில் நடந்தது, ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய். கேட்டுக்கு வெளியே நிறுத்தி 'லோன் வசூலா?' என்று விரட்டப்பட்ட, ஒப்பந்தத்தில் கணக்கெடுக்கப் போன பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவர்கள் கொண்டுவந்த எண்ணை மட்டும் வண்ணப் படமாகப் போட்டீர்கள், 'ஆதாரம்: ஏஜென்சி' என்று.

என் வேண்டுகோள் சிறியது. இனி இப்படிப் படம் போட்டால், எத்தனை வீடு, எந்த ஆண்டு, பிழை எவ்வளவு என்று அடியில் ஒரு வரி சேருங்கள். கட்டுரையாளரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கள ஆய்வாளர்,
திண்டுக்கல்.