வயது முடிந்துவிட்டது என்று சொன்ன மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

நேற்று இரவு அக்கா தொலைபேசியில் பேசினாள். கிரிக்கெட் கிட் பையைப் பரணில் ஏற்றிவிட்டாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு வயது முடிந்துவிட்டது" என்றாயாம். 23 வயதுப் பிள்ளையின் வாயில் இந்தச் சொல் வந்ததும் அவள் பயந்தே போய்விட்டாள். 23 வயதுக்கு உட்பட்ட மாநில அணிகள் நான்கு நாள் ஆட்டங்களில் மோதும் கர்னல் சி.கே. நாயுடு கோப்பையில் இனி ஆட முடியாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாய் என்று அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்தது. இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் இந்த ஆண்டு இதையே சொல்லிக்கொண்டு பையை ஏற்றிவைத்த பிள்ளைகள் இருப்பார்கள்.

2024-25 பருவத்தில் திண்டுக்கல்லில் நீ பந்து வீசிய பிற்பகலை நான் மறக்கவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். பார்க்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பருவத்தில் டாஸ் கிடையாது. வெளியூரிலிருந்து வந்த அணியே முடிவெடுக்கலாம் என்று விதியை மாற்றியிருந்தார்கள். அவர்கள் மட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடுகளத்தில் பந்து திரும்பவே இல்லை. நீ ஒரே முனையிலிருந்து 19 ஓவர் வீசினாய், கிடைத்தது ஒரு விக்கெட். அந்த ஒன்றுக்காக ஐந்து ஓவர் காத்திருந்தாய். ஓவருக்கு ஒரு பந்தைச் சற்று உயரத் தூக்கிப் போட்டு, மட்டையாளனை முன்னே வரப் பழக்கினாய். பிறகு அதே உயரத்தில், வேகத்தை மட்டும் குறைத்து ஒன்று. அவன் இறங்கி வந்தான், பந்து எட்டவில்லை, கீப்பர் ஸ்டம்பைத் தட்டினார். ஐந்தாறு பேர் கைதட்டினோம். நான்கே ஓவர் வீசிவிட்டுப் போகும் இருபது ஓவர் ஆட்டத்தில் இந்தப் பொறுமைக்கு எங்கே இடம்? நான்கு நாள் ஆட்டம்தான் உனக்கு அதைக் கற்றுத்தந்தது.

நீயோ அடி வாங்கிய நாள்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறாய். அடி வாங்கியது நீ மட்டுமா? 2024 நவம்பரில் ஹரியானாவின் யஷ்வர்தன் தலால் இதே போட்டியில், ஒரே இன்னிங்ஸில் 400 ரன்களைத் தாண்டினார். அவருக்குப் பந்து வீசியவர்கள் மும்பைப் பிள்ளைகள், உன் வயதுக்காரர்கள்.

வயது என்கிறாயே, அந்தக் கோட்டின் கதையைக் கேள். 1970-களில் இந்தப் போட்டி தொடங்கியபோது 22 வயதுக்கு உட்பட்டோருக்கானது. பிறகு 25 ஆக்கினார்கள். அப்புறம் 23-க்கு இறக்கினார்கள். கோப்பைக்குப் பெயர் தந்த நாயுடு, 1932 ஜூனில் லார்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்டுக்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு 36 வயது. 60 கடந்த பிறகும், 1956-57 பருவத்தில், மாநில அணிகளின் முதன்மைப் போட்டியான ரஞ்சிக் கோப்பையில் ஆடினார்! வேகப்பந்து வீச்சாளர் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் ரஞ்சி ஆட்டத்தில் இறங்கியதே 23 வயதில்தான். அந்தப் பருவத்திலேயே அவர் பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழுந்தது. திருத்திக்கொண்டு வந்து, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்து, அந்த வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். இந்தியாவுக்காக அவர் ஆடிய முதல் ஒருநாள் போட்டி 33 வயதில்.

என் கோபம் ஆட்டத்தை நடத்துகிறவர்கள் மேல். இங்கிலாந்தில் கவுண்டிகளின், அதாவது அங்குள்ள வட்டார அணிகளின், இரண்டாம் அணிகளுக்கு 1959 முதலே ஒரு சாம்பியன்ஷிப் இருக்கிறது. வயது வரம்பு இல்லை. ஃபார்ம் தேடி வரும் முப்பது வயதுக்காரரும் பள்ளி முடித்த பையனும் ஒரே அணியில் ஆடலாம். இங்கே 23 முடிந்தால் ரஞ்சி அணி, இல்லையென்றால் உள்ளூர் லீக். நடுவில் படி இல்லை. அதைக் கட்டாதது அவர்கள் குற்றம். கட்டாத படிக்காக நீ உன்னையே நொந்துகொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வந்திருக்கும் வேலையில் சேர்ந்துகொள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் வலைப் பயிற்சியை முடித்துவிட்டு அலுவலகம் போகிறவர்கள் சென்னை லீக்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஞாயிறு காலை வீட்டுக்கு வருகிறேன். பையை இறக்கிவை. திண்டுக்கல்லில் அவனை ஏமாற்றிய அந்தப் பந்தை எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டு. ஸ்டம்புக்குப் பின்னால் நானே நிற்கிறேன்.

அன்புடன்,
மாமா