மூக்குத்தி வழக்கை முழுசாகப் படி, பாப்பா

ஜொஹானஸ்பர்க்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சட்டப் படிப்பு நோட்ஸ் எல்லாம் தலைகீழாகத் தெரியும், ஆனாலும் டெஸ்ட்டில் 48தான் வந்தது என்று போனில் சொன்னாய். போனில் பதில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய விடைத்தாளைப் பார்த்தேன். சட்டம் தப்பில்லை. கேள்வியில் இருந்த ஆட்களை நீ கவனிக்கவே இல்லை, அதுதான் குறை.

அந்தக் கார் கேள்வியையே எடுத்துக்கொள். ஒருவர் பழைய காரை 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று விற்கிறார். இருக்கிற நிலையில் எடுத்துக்கொள், பிறகு என்னிடம் வராதே என்று பொருள். மூன்றாம் வாரம் கியர்பாக்ஸ் போய்விடுகிறது. நீ 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55, 56-ஆம் பிரிவுகளை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம், பழுதுபார்ப்போ மாற்றுப்பொருளோ பணமோ கேட்கலாம், எல்லாம் சரி. ஆனால் கேள்வியின் இரண்டாவது வரி என்ன சொல்கிறது? விற்றவர் ஒரு பள்ளி ஆசிரியர், தன் சொந்தக் காரை விற்றார். கார் விற்பது அவர் தொழில் இல்லை. அப்படியானால் அந்த உத்தரவாதம் அவர்மேல் பாயாது. மிச்சமிருப்பது பொதுச் சட்டம்தான்: குறை அவருக்குத் தெரியுமா, தெரிந்தே மறைத்தாரா? கடைசி வரியில் 'விற்பதற்கு முந்தின நாள் கியர் எண்ணெய் மாற்றினார்' என்று போட்டிருக்கிறார்களே, அதை எதற்குப் போட்டார்கள் என்று நினைக்கிறாய்? அந்த எண்ணெய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாதம் வைத்திருந்தால் 65 வந்திருக்கும்.

இப்படிப்பட்ட கேள்விக்கு நாலு படி சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: பிரச்சினை என்ன, விதி என்ன, விதியை இந்த ஆட்களுக்குப் பொருத்தினால் என்ன ஆகும், முடிவு என்ன. மதிப்பெண் மூன்றாவது படியில்தான் கொட்டிக் கிடக்கிறது. 30 மதிப்பெண் கேள்விக்கு 54 நிமிடம் என்றால், முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடாதே. கேள்வியில் உள்ள ஒவ்வொரு பெயர், தேதி, தொகைக்கும் கீழே கோடு போடு. எழுதி முடித்தபின் எந்தக் கோடாவது உன் விடைக்குள் வராமல் இருந்தால் அதைச் சந்தேகப்படு. வினாத்தாள் எழுதுகிறவர் சும்மா ஒரு தகவலை வைப்பது அபூர்வம்.

இந்தப் பழக்கம் நோட்ஸிலிருந்து வராது, தீர்ப்புகளைப் படித்தால்தான் வரும். டர்பனிலேயே இருக்கிறாய், உன் வளாகமான ஹோவர்ட் காலேஜிலிருந்து கொஞ்ச தூரத்தில் நடந்த ஒரு வழக்கை வைத்துப் பழகு. நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது: எம்.இ.சி. ஃபார் எஜுகேஷன், குவாசுலு நேட்டால் எதிர் பிள்ளை. எம்.இ.சி. என்றால் மாகாண அமைச்சர். மேற்கோளில் 2008 (1) எஸ்.ஏ. 474 (சி.சி.) என்று இருக்கும். 2008-ஆம் ஆண்டின் முதல் தொகுதி, சவுத் ஆஃப்ரிக்கன் லா ரிப்போர்ட்ஸ், 474-ஆம் பக்கம், தீர்ப்புச் சொன்னது கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட், அதாவது அரசியலமைப்பு நீதிமன்றம் என்று பொருள். தீர்ப்புகளைச் சேர்த்துவைக்கும் சாஃப்லி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும், அங்கே [2007] ஸெட்.ஏ.சி.சி. 21 என்று தேடு. ஆண்டு மாறுகிறதே என்று குழம்பாதே. தீர்ப்பு வந்தது 2007 அக்டோபர் 5, தொகுப்பில் அச்சானது மறு வருடம்.

டர்பனில் ஒரு பெண்கள் பள்ளி. மாணவி 2004 விடுமுறையில் மூக்கு குத்திக்கொண்டு சின்னத் தங்க மூக்குத்தியோடு திரும்பி வருகிறாள். பள்ளி விதியில் காதுக்குச் சாதாரணத் தோடு மட்டும்தான் அனுமதி. பெண் பெரியவளானதும் மூக்குக் குத்துவதும், 16 வயது முடிந்தபின் பாட்டி தங்கத்தை எடுத்துவிட்டு வைரம் வைப்பதும் எங்கள் தென்னிந்தியத் தமிழ்க் குடும்ப வழக்கம் என்று தாய் சொல்கிறார். பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் டர்பன் ஈக்வாலிட்டி கோர்ட்டில் தாய்க்குத் தோல்வி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வெற்றி, அங்கிருந்து மேல்முறையீடாகி இங்கே பிராம்ஃபோன்டெயினில் இருக்கும் கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட்டுக்கு வந்தது.

முதல் தடவை ஹெட்நோட்டை, அதாவது தீர்ப்பின் தலையில் இருக்கும் சுருக்கத்தை, படிக்காதே. அது நீதிபதி எழுதியதல்ல, தொகுப்பாசிரியர் எழுதியது. அதிலிருந்து மேற்கோள் காட்டினால் விரிவுரையாளருக்கு உடனே தெரிந்துவிடும். நேராகக் கடைசிக்குப் போய் உத்தரவைப் படி. நீதிமன்றம் கடைசியில் என்ன செய்தது என்று தெரிந்தால்தான், நடுவில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட பத்திகளில் எது அந்த முடிவைத் தாங்குகிறது என்று புரியும். விதிவிலக்கு தர மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று அறிவித்தார்கள். மதம், பண்பாடு காரணமாக விலக்கு கேட்க வழிசெய்து விதிகளைத் திருத்தச் சொன்னார்கள். அந்தப் பெண் அதற்குள் பள்ளியை விட்டே போய்விட்டாள். செத்த வழக்கை நீதிமன்றம் ஏன் எடுத்துக்கொண்டது என்பது ஒரு தனிக் கேள்வி. அதற்கு ஒரு பகுதியே இருக்கிறது, தாண்டிப் போய்விடாதே.

இரண்டாம் தடவை, தலைமை நீதிபதி லங்காவின் பகுதியை எடு. மூக்குத்தி மதக் கடமை இல்லை, விரும்பி அணிவதுதானே என்பது பள்ளியின் வலுவான வாதம். கடமையாகச் செய்வதைப் போலவே மனமுவந்து செய்வதற்கும் பாதுகாப்பு உண்டு என்று அவர் எந்தப் பத்தியில் சொல்கிறார்? கண்டுபிடித்து எண்ணைக் குறித்துக்கொள். வழக்கின் ரேஷியோவுக்கு, அதாவது முடிவைத் தாங்குகிற சட்டக் காரணத்துக்கு, மிக அருகில் நிற்பது அதுதான். இவளுக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் எதையாவது மாட்டிக்கொண்டு வருவார்களே என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. அது அழகான எழுத்து, மேற்கோள் காட்டக் கை துடிக்கும். ஆனால் தேர்வில் அதை ரேஷியோ என்று எழுதிவிடாதே.

மூன்றாம் தடவை, நீதிபதி ஓ'ரீகன். முடிவில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார், பாதையில் பிரிகிறார். இது மதமா பண்பாடா என்பதிலும், பாகுபாடு என்று சொல்ல இவளை யாரோடு ஒப்பிடுவது என்பதிலும் அவர் பார்வை வேறு. இந்தப் பகுதியைப் பாதிப்பேர் படிப்பதில்லை. ஒப்பீட்டை மாற்றினால் வழக்கே எப்படி மாறுகிறது என்று காட்டி ஒரு பத்தி எழுதுகிறவனுக்குத்தான் 75 விழும்.

பிறகு ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுது. உண்மைகள் ஐந்து வரி, சட்டக் கேள்வி ஒரே வாக்கியம், ரேஷியோ இரண்டு வாக்கியம் பத்தி எண்ணோடு, மாறுபட்ட கருத்து மூன்று வரி. ஒரு பக்கத்தைத் தாண்டினால் புரியவில்லை என்று அர்த்தம். இது பழகினபின் மக்வன்யானேவுக்குப் போ. 1995-ல் மரண தண்டனையை நீக்கிய அந்த வழக்கில் 11 நீதிபதிகளும் தனித்தனியாக எழுதினார்கள். முடிவு ஒன்று, காரணங்கள் பல. அதை முதலிலேயே எடுத்தால் மூச்சு முட்டும்.

அடுத்த வருடம் டெலிக்ட் வரும், ஒருவர் செய்த தவறுக்கு நஷ்டஈடு கேட்கிற சட்டம். 1975-ஆம் ஆண்டின் ஈவல்ஸ் வழக்கு அதில் முக்கியம்: போலீஸ் நிலையத்துக்குள் ஒருவரை அடிக்கிறபோது மற்ற போலீஸ்காரர்கள் கைகட்டி நின்றது நஷ்டஈடு கேட்கக்கூடிய தவறா என்பது கேள்வி. தீர்ப்பு முழுக்க ஆஃப்ரிகான்ஸ். உனக்குப் பள்ளியில் படித்த ஆஃப்ரிகான்ஸ் கொஞ்சம் இருக்கிறது, அகராதியோடு உட்கார்ந்தால் வரும். 2001-ன் கார்மிக்கேலையும் அதோடு சேர்த்துப் படி. அரசியலமைப்பு வந்தபின் அதே கேள்வி எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். ஜூலு மாட்யூலை வெறும் சடங்காக நினைக்காதே. நாலாம் வருடம் இலவசச் சட்ட உதவி தரும் லா கிளினிக்கில் உன் முன்னால் வந்து உட்காருகிற அம்மா வாடகை வீட்டுக் கதையை ஆங்கிலத்தில் சொல்லமாட்டார்.

வழக்காற்றுச் சட்டம் பற்றிக் கேட்டாய் அல்லவா, எழுதிவைத்த வழக்காறும் மக்கள் வாழ்கிற வழக்காறும் வேறுவேறு என்று ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறார்கள் என்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை நினைத்துக்கொள். 1707-ல் டச்சுக்காரர்கள் எழுதிவைத்தார்கள். வாழ்க்கை நகர்ந்துகொண்டே இருக்கும், ஏடு நின்ற இடத்திலேயே நிற்கும். நேட்டாலில் ஜூலு வழக்காற்றைச் சட்டத் தொகுப்பாக்கியபோதும் அதே கதைதான். மூத்த ஆணுக்கே சொத்து என்ற விதியை 2004-ல் பே வழக்கில் தள்ளுபடி செய்தபோது நீதிமன்றம் முட்டிமோதியது இந்த இடைவெளியில்தான். (இலங்கையின் பொதுச் சட்டமும் ரோமன்-டச்சு என்பதால், வூட் என்ற அந்தப் பழைய டச்சு ஆசிரியரைக் கொழும்பிலும் மேற்கோள் காட்டுவார்கள். உன் வகுப்பில் அவரைத் திட்டுகிறவர்களிடம் சொல்.)

நேரக் கணக்கு. ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் பாடம் 160 மணி, 13 வாரத்தில் வகுத்தால் வாரம் 12 மணிக்குக் கொஞ்சம் மேல். நாலு பாடம் என்றால் வாரம் 49 மணி. வகுப்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, மீதி எல்லாம் நீயே உட்கார்ந்து படிக்க வேண்டியது. ஏப்ரலில் தப்பிய வாரத்தை ஜூனில் பிடிக்க முடியாது, கணக்கே இடம் தராது. டி.பி.யையும், அதாவது தேர்வெழுதும் தகுதியையும், பார்த்துக்கொள். டுட்டோரியல் வருகையும் அசைன்மென்ட்டும் குறைந்தால் தேர்வெழுதவே விடமாட்டார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கு வேறு, கோர்ஸ் அவுட்லைனின் முதல் இரண்டு பக்கத்திலேயே இருக்கும்.

அசைன்மென்ட்டுக்கு வழக்குகளை எந்த ஏ.ஐ.யிடம் கேட்டாலும், சாஃப்லியிலோ நூலகத்திலோ தீர்ப்பைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பெயரையும் எழுதாதே. 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் மவுண்ட்லா வழக்கில் காட்டிய மேற்கோள்களில் பெரும்பாலானவை உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகள். தேடிக்கொடுத்தது ஒரு பயிற்சி வழக்கறிஞர். நீதிபதி விஷயத்தை வழக்கறிஞர்களைக் கட்டுப்படுத்தும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து உன் சித்தி மகன் தானும் இங்கே எல்.எல்.பி. படிக்கலாமா என்று கேட்டானாமே. கட்டணத்துக்கு முன் இதைச் சொல்லிவிடு. லீகல் பிராக்டிஸ் சட்டத்தின் 24(2)-ஆம் பிரிவுப்படி, தென்னாப்பிரிக்கக் குடிமகனோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவனோதான் அட்டர்னியாக, அட்வகேட்டாகச் சேர முடியும். இங்கேயே படித்துப் பட்டம் வாங்கிய லெசோத்தோ இளைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 ஆகஸ்டில் ரஃபோனெக்கே வழக்கில் கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. மாணவர் விசாவில் வாரம் 20 மணி வேலை பார்க்கலாம், இந்த நாட்டு மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு கட்டாயம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான யூசாஃபின் விலக்குச் சான்று வாங்க வேண்டும். இதெல்லாம் செய்யக்கூடியதுதான். ஆனால் நாலு வருடம் கழித்து இங்கே கோட் போட முடியாது. இந்தியாவுக்குத் திரும்பினால் பார் கவுன்சில் அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும், அதன்மேல் ஒரு தகுதித் தேர்வும் உண்டு. படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வரட்டும்.

உனக்கு அந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் ஆர்ட்டிக்கிள்ஸுக்கு, அதாவது அட்டர்னி அலுவலகப் பயிற்சிக்கு, மூன்றாம் வருடத்திலேயே விண்ணப்பம் போகும், அதற்கு முதல் இரண்டு வருட மதிப்பெண்தான் கையில் இருக்கும். இந்த 48 ஏன் உறுத்துகிறது என்று இப்போது புரிகிறதா? இன்னொன்று, கணக்கென்றால் ஓடுகிற பழக்கத்தை விடு. அட்டர்னி தேர்வின் நாலு தாளில் ஒன்று கணக்குப் பதிவியல். கட்சிக்காரர் வீட்டுக்காகக் கொடுத்த பணம் டிரஸ்ட் கணக்கில், உன் ஃபீஸ் பிசினஸ் கணக்கில். எந்த நாளில் எதிலிருந்து எதற்கு நகர்த்தலாம் என்பதுதான் அந்தத் தாள் முழுக்க. சட்டத்தில் கெட்டிக்காரர்கள் பலர் வழுக்குகிற இடம் அது.

உன் பி.ஆர். (நிரந்தரத் தங்கும் உரிமை) சான்றிதழின் சான்றிட்ட நகல் இரண்டு வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் செய்வார்கள், அசலைக் கையோடு கொண்டுபோ. முத்திரை, கையெழுத்து, அதிகாரியின் பெயர், தேதி நாலும் விழுந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பார். தேதியைத்தான் மறந்துவிடுவார்கள், தேதியில்லாத நகலை யாரும் வாங்கமாட்டார்கள்.

அதோடு பிள்ளை வழக்கின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் போட்டோ எடுத்து அனுப்பு. கையால் எழுதியது வேண்டும். பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் அம்மா நாளைக்குப் பார்சலில் போடுகிறாள்.

அன்புடன்,
அப்பா