ஜி 13-க்கு நாலு விரல் போதும்

அன்புள்ள தம்பி,

கிதாரில் ஜி 13 கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கு) நெட்டில் நாலைந்து ஷேப், அதாவது விரல் வைக்கும் முறை, கிடக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தாய். எல்லாமே சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றிலும் எந்தச் சுரத்தை விட்டிருக்கிறார்கள் என்று பார், குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்குப்படி அதில் ஏழு சுரம்: ஜி (ரூட், அதாவது அடிச்சுரம்), அதிலிருந்து எண்ணினால் பி (3), டி (5), எஃப் (7), ஏ (9), சி (11), ஈ (13). தந்தியோ ஆறு, விரலோ நாலு. முதலில் கழற்ற வேண்டியது ஐந்தாவது, அதாவது டி. அது போனால் கார்டின் குணம் மாறாது. அடுத்தது 11, அதாவது சி. மேஜர் மூன்றாவதான பி-க்கு மேலே அது வந்தால் காதில் குத்தும். மைனர் 11-இல் மூன்றாவது ஒரு ஃப்ரெட் (கிதார் கழுத்தில் ஒரு கட்டம்) இறங்கிவிடுவதால் இந்தச் சண்டை இல்லை. 9 இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாஸ் வாசிக்க ஆள் இருந்தால் ரூட்டையும் அவரிடமே விட்டுவிடு. மூன்றாவதையும் ஏழாவதையும், அதாவது பி-யையும் எஃப்-ஐயும், கழற்றாதே. கார்டு மேஜரா, மைனரா, ஜி 13 போன்ற டொமினன்டா என்று காதுக்குச் சொல்வது அந்த இரண்டும்தான்.

இனி ஷேப்: 6ஆம் தந்தி (தடித்தது) 3ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், 4ஆம் தந்தி 3-இல் நடுவிரல், 3ஆம் தந்தி 4-இல் மோதிர விரல், 2ஆம் தந்தி 5-இல் சுண்டுவிரல். தாழ்ந்த சுரத்திலிருந்து மேலே ஜி, எஃப், பி, ஈ. ஆள்காட்டி நுனி 5ஆம் தந்தியைத் தொட்டு அணைத்திருக்கட்டும். அந்தத் தந்தியை அழுத்தாமல் விட்டால் வரும் ஓபன் ஏ 9தானே, ஒலித்தால் என்ன என்பாய். அவ்வளவு கீழே ரூட்டை ஒட்டி வந்தால் சத்தம் கலங்கிவிடும். 9 வேண்டுமென்றால் சுண்டுவிரலைப் படுக்கவைத்து 1ஆம் தந்தி 5-ஐயும் சேர்த்து அழுத்து. சுண்டுவிரலை எடுத்துவிட்டால் மிஞ்சும் மூன்று சுரம்தான் கவுன்ட் பேஸி ஜாஸ் குழுவின் கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் பாணி ரிதம் கிதார். ஸ்விங்குக்கு அதுவே தாராளம்.

ஷேப்பைத் தனியாக மனப்பாடம் செய்யாதே. முன்னும் பின்னும் வரும் கார்டோடு சேர்த்துப் பழகு. டி மைனர் 9: 5ஆம் தந்தி 5, 4ஆம் தந்தி 3, 3ஆம் தந்தி 5, 2ஆம் தந்தி 5. அதிலிருந்து ஜி 13-க்குப் போகும்போது பாஸை (அடியில் ஒலிக்கும் சுரத்தை) விட்டுப் பார்த்தால் 3ஆம் தந்தி மட்டும் 5-இலிருந்து 4-க்கு இறங்குகிறது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. பிறகு சி மேஜர் 9: 5ஆம் தந்தி 3, 4ஆம் தந்தி 2, 3ஆம் தந்தி 4, 2ஆம் தந்தி 3. இப்போது பி அப்படியே நிற்க, எஃப் ஈ-க்கும் ஈ டி-க்கும் இறங்குகின்றன. மூன்று கார்டும் ஒரே மூச்சாகக் கேட்பது இதனால்தான். கை எட்டு ஃப்ரெட் தாவினால் அந்த ஒட்டுதல் போய்விடும்.

மூன்றாவதைக் கழற்றாதே என்றேனே, அதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. சி 11 என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மூன்றாவதை விட்டுத்தான் வாசிப்பார்கள்: 5, 4, 3, 2 ஆகிய நாலு தந்தியையும் 3ஆம் ஃப்ரெட்டில் ஒரே விரலைப் படுக்கவைத்துப் பார் போட்டால் முடிந்தது. சி ஆட் 9-ஐ சி 9 என்று நினைத்துவிடாதே. முன்னதில் ஏழாவதே கிடையாது.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு கார்டுக்கு நாலு தட்டு. முதலில் 4, 3, 2ஆம் தந்திகளை மட்டும் வாசி, பாஸ் பிறகு சேரட்டும். ரெக்கார்ட் பண்ணி அனுப்பு, ஜி 13-இல் 5ஆம் தந்தி எங்கே ஒலிக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா