நெற்களஞ்சியங்களில் அந்துப்பூச்சித் தூசு

ஆசிரியர் அவர்கட்கு,

தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் பெரும்போக நெல் களஞ்சியம் சேர்ந்து சில மாதங்கள் கழிந்ததும், அங்கு மூட்டை தூக்குவோருக்கும் கூட்டித் துப்புரவாக்குவோருக்கும் விடாத தும்மலும் கண் அரிப்பும் கைகளில் தடிப்பும் உண்டாவது வழமையாகிவிட்டது. "நெல்லுத் தூசுதானே" என்று ஒதுக்கிவிடுகிறோம். உமித்தூசும் பூஞ்சணமும் காரணமாகலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அத்தூசில் அந்துப்பூச்சிக்குள்ள பங்கை எவரும் பேசுவதில்லை.

நெல்லைத் துளைக்கும் சிட்டோட்ரோகா, அரிசியில் நூலாம்படை கட்டும் கோர்சைரா ஆகிய இரண்டும் நம் களஞ்சியங்களுக்குப் பழகிய அந்துப்பூச்சிகள். சுவரோரத்து மூட்டையை இழுத்தால் அவை கூட்டமாக எழும்பும். அப்போது சட்டைக் கையில் மாவாக ஒட்டுவது அவற்றின் இறக்கைச் செதில்களாகும். இச்செதில்களையும் உடல் துகள்களையும் நெடுநாள் சுவாசிக்கும் சிலரது உடல் அவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை உருவாக்கிக்கொள்வதால், பின்னர் சிறிதளவு துகளே இளைப்பைக் கிளப்பப் போதுமானதாகிறது. பட்டுப்புழு வளர்ப்போரிடமும், பயிர்ப்பூச்சிகளின் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவிகளை வளர்ப்பதற்காகக் கோர்சைராவைப் பெருக்கும் ஆய்வுகூடப் பணியாளரிடமும் இவ்வொவ்வாமை அறியப்பட்ட ஒன்றே.

புகையூட்டினால் தொல்லை தீர்ந்தது என்று முதலாளிமார் எண்ணுகின்றனர். புகை பூச்சியைக் கொல்லுமேயன்றிச் செதில்களை அகற்றாது. செத்த பூச்சிகளைத் தும்புத்தடியால் உலர்வாகக் கூட்டும்போதுதான் தூசு மிகுதியாகக் கிளம்புகிறது. ஈரத்துணியால் துடைப்பதோ உறிஞ்சும் இயந்திரத்தால் எடுப்பதோ மேல். முகத்தில் கட்டும் சால்வை நுண்துகளைத் தடுக்காது. என்95 வகைக் கவசம் வேண்டும். வேலை உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டு வீடு செல்வதும் நன்று.

வேலை முடிந்து பல மணி நேரத்துக்குப் பின், இரவில் முட்டு வருவதும் உண்டு என்பதால், நோயாளி அதனை வேலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா என்று வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி கேட்டாலே பாதி விளங்கிவிடும். அப்படி இருப்போர் இருமல் பாணியோடு காலங்கடத்தாமல் மார்புநோய் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

வேலைத்தலத் தூசைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழில் நடத்துவோர் மீதே வைத்துள்ளது. அரிசி ஆலைகளைப் பார்வையிடும் தொழில் திணைக்கள அதிகாரிகள், இயந்திரப் பகுதியோடு நின்றுவிடாது, பின்னாலுள்ள களஞ்சியத்துக்குள்ளும் சென்று பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை.